தண்ணீரில் எழுதியவள்

"தண்ணியில எழுதினதை எவனாவது திருட முடியுமாம்மா?"

மூன்று நாளைக்கு முன் காவல் நிலையத்தில் ஆய்வாளர் மெங் இப்படிக் கேட்டபோது பாங் சூச்சினுக்கு வாய் அடைத்துவிட்டது. முப்பத்தோரு வருஷம் பெய்ஜிங் டிராலி பேருந்தில் நடத்துநராக இருந்தவள் அவள். டிக்கெட் எடுக்காமல் இறங்கியவனைத் தெருமுனை வரை குரலாலேயே துரத்திப் பிடித்தவள். அவளுக்கே பதில் வரவில்லை என்றால் கேள்வி எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிலைத் தேடி இன்று காலை எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தாள். முடிதிருத்தகத்துக்கு மேலே ஒரு மேஜையும் இரண்டரை நாற்காலியும் போட்ட அறைக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர்தான் அலுவலகம். நல்ல நாற்காலியில் இருப்பவர் லுவோ யுன். காப்பீட்டு நிறுவனத்தில் இருபது வருஷம் பொய்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, இப்போது தனியாகத் துப்பறிகிறவர். அரை நாற்காலி எனக்கு. என் பெயர் சியாவ்மான். உதவியாளர். வாய்க்குத் தனிச் சம்பளம் கிடையாது.

பாங் சூச்சின் மேஜைமேல் ஒரு தாளை அறைந்தாள். "படி."

படித்தேன். "'மனநிலை சரியில்லாத காரணத்தால், ஆசான் தோங் ஷாவ்சீ அவர்களின் மகத்தான படைப்பை என்னுடையது என்று உளறிவிட்டேன். குடையால் குத்தியதற்கும் வருந்துகிறேன்.' அத்தை, குடையால எங்க குத்துனீங்க?"

"கண்காட்சியில, அந்த ஆசான் வயித்துல. குத்தலை, தொட்டேன்."

"தொட்டதுக்கா வருந்தச் சொல்றாங்க?"

"இதை இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேடையில நின்னு நான் படிக்கணுமாம். படிச்சா புகாரை வாபஸ் வாங்கிக்குவாங்க. இல்லேன்னா பதினஞ்சு நாள் உள்ள. உள்ள போறது எனக்குப் பெரிசில்லை. நான் கிறுக்கின்னு என் வாயாலயே மைக்ல சொல்லணுமா? அதைச் சொல்லுங்க முதல்ல."

லுவோ யுன் கண்காட்சிக் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

தோங் ஷாவ்சீயைத் தெரியாதவர்கள் தொலைக்காட்சி இல்லாதவர்கள். இருபது வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு, உச்சந்தலையில் கொண்டையும் உடம்பில் சாக்குத் துணி அங்கியுமாகத் திரும்பி வந்தவர். மரபோடு உரையாடுவதுதான் அவர் தொழில். மரபு என்ன பதில் சொன்னது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. புதிய படைப்பின் பெயர் 'முன்னோர் மூச்சு'. ஆள் உயரத் தாள்கள் பத்தொன்பதைப் பக்கம் பக்கமாக ஒட்டிய நீளமான சுருள். முழுக்கச் சுழன்றோடும் கூட்டெழுத்து. அதில் ஒரு சொல்லைக்கூட எவராலும் படிக்க முடியவில்லை. மலையில் ஏழு நாள் பட்டினி கிடந்து, எட்டாம் நாள் ஒரே மூச்சில் எழுதினாராம்.

"ஏழு நாள் பட்டினி போட்டா நானும்தான் கிறுக்குவேன்," என்றேன்.

"அது என் கையெழுத்து," என்றாள் பாங் சூச்சின். "என் கையெழுத்து எனக்குத் தெரியாதா? தினம் காலையில ஆறு மணிக்குப் பூங்காவுல, கல்தரைமேல தண்ணியால எழுதுறேன். நீளக் கோல், முனையில பஞ்சு, ஒரு வாளித் தண்ணி. எல்லாரும் எழுதுற மாதிரிதான்."

"போட்டோ, வீடியோ ஏதாவது இருக்கா?" லுவோ யுன் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"கேமராவுக்கு எழுதுறவங்க முன்வாசல்ல எழுதுவாங்க. நான் கழிவறைக்குப் பின்னாடி. அங்க யாரும் வர மாட்டாங்க. வந்தாலும் அவசரத்துல இருப்பாங்க."

லுவோ யுன் கையேட்டை என் பக்கம் திருப்பினார். சுருளின் குறுக்கே, சரியாக நடுவில், ஒரு வெற்றுப் பட்டை ஓடியது. பத்தொன்பது தாளிலும் மேலே நாலு எழுத்து, கீழே நாலு எழுத்து, நடுவில் ஓர் எழுத்து அளவுக்கு ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமே இல்லாததைப் பற்றி ஒரு விமர்சகர் பதினான்கு பக்கம் எழுதியிருந்தார். அதற்கு 'வெண்ணதி' என்று பெயர் வேறு சூட்டியிருந்தார்.

"பாங் அக்கா," என்றார் லுவோ யுன், "நீங்க எழுதுற இடத்துல தரை எப்படி இருக்கும்?"

"தரை தரையாத்தான் இருக்கும்."

"போய்ப் பாத்துடலாம்."

*

மே மாதம் நடந்துகொண்டிருந்தது. பாப்லர் மரத்துப் பஞ்சு இன்னும் பறந்து பூங்கா முழுக்கத் தும்மிக்கொண்டிருந்தது. கழிவறைக்குப் பின்னால் ஒற்றையடியாகச் சாம்பல் நிறக் கற்பாதை. சதுரக் கல், சதுரக் கல்லாகப் பதித்திருந்தார்கள். நான் எண்ணிக்கொண்டே நடந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது இடத்தில் கல் இல்லை. கம்பி போட்ட இரும்பு மூடி. அதன்பின் மறுபடி நான்கு கல். பிறகு படிக்கட்டு.

"ஒரு கல்லுக்கு ஒரு எழுத்து," என்றாள் பாங் சூச்சின். "மூடிமேல எழுதினா தண்ணி ஓட்டை வழியா போயிடும். அதனால தாண்டிடுவேன்."

நான் மூடிக்குப் பக்கத்தில் குந்தினேன். "லுவோ அக்கா, இதுவா வெண்ணதி?"

"அதேதான்."

"சாக்கடை மூடி!"

"மெதுவாப் பேசு."

"பதினாலு பக்கம் எழுதின ஆளைக் கூட்டிட்டு வந்து இங்க நிறுத்தணும். மோந்து பாக்கச் சொல்லணும்."

"நிறுத்தினா, 'சாக்கடையும் வெறுமைதான்'னு இன்னொரு பதினாலு பக்கம் எழுதுவார். இது சந்தேகத்துக்குப் போதும், சாட்சிக்குப் போதாது." லுவோ யுன் விரலால் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சாம்பல் கல்லில் பழுப்பாக ஒரு கறை. எட்டுக் கல்லிலும் இருந்தது. "பச்சைத் தண்ணி இப்படிக் கறை பிடிக்குமா அக்கா?"

"அதுக்குத்தான் பெருக்குற ஆள் என்னைத் திட்டுறான். நான் என்ன செய்யட்டும்? தண்ணி பூங்கா கொடுத்த தண்ணி."

"பூங்கா கொடுத்ததா?"

"போன மாசம் ஒரு தொண்டர் வந்தான். சிவப்புக் கைப்பட்டை, பஞ்சுக்காக முகக்கவசம். 'அம்மா, குழாய் வரைக்கும் எதுக்கு நடக்குறீங்க'ன்னு தினம் ஒரு வாளி கொண்டு வந்து வைப்பான். வெதுவெதுன்னு இருக்கும். லேசா மல்லிகை வாசனை கூட. பூங்கா முன்னேறிடுச்சுன்னு நெனச்சேன்."

நான் லுவோ யுன்னைப் பார்த்தேன். அவர் மூடியின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்லில் பழுப்பாக இருந்த கறை, இரும்பைத் தொட்ட இடத்தில் மட்டும் கறுகறுவென்று மை மாதிரி இருந்தது.

"தேத்தண்ணி," என்றார். "மல்லிகைத் தேநீர். திடமாப் போட்டது. இரும்பு பட்டா கறுத்துடும். அந்தத் தொண்டர் பட்டையை எந்தக் கையில கட்டியிருந்தான்?"

"வலது கையில. நானே சொன்னேன், தம்பி, இடது கையிலதான் கட்டணும்னு. ரொம்ப வருஷம் வெளியூர்ல இருந்துட்டேம்மான்னான்."

"இருபது வருஷமோ என்னமோ," என்றேன்.

"எழுதி முடிச்சதும் நீங்க என்ன செய்வீங்க?"

"எள்ளு ரொட்டிக் கடையில வரிசை. ஆறரைக்குப் போகலேன்னா சூடா கிடைக்காது. திரும்பி வரும்போது எழுத்து இருக்காது. தண்ணிதானே, காஞ்சிருக்கும்."

லுவோ யுன் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "சியாவ்மான், ஒரு வாளி வாங்கு. அரைக் கிலோ எலுமிச்சை உப்பும் வாங்கு."

"கெண்டியில அடிக்கசடு எடுக்கப் போடுறதா? உங்க வீட்டுக் கெண்டிக்கா?"

"இல்லை, ஆசானோட கெண்டிக்கு."

"அதுக்கு ஒரு சிட்டிகை போதுமே. வாளி எதுக்கு?"

அவர் அதற்குள் பூங்கா வாசலை நோக்கி நடந்துவிட்டார்.

*

கலைக்கூடம் பழைய தொழிற்சாலை ஒன்றில் இருந்தது. இயந்திரங்களை எடுத்துவிட்டுத் துருவை மட்டும் வைத்திருந்தார்கள். துருவுக்குத் தனி விளக்கு. சுருளைச் சுவரில் மாட்டாமல் தரையிலேயே தாழ்வான மேடையில் விரித்திருந்தார்கள். மேடை ஏறிப் பார்க்கிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காகித உறை மாட்டிக்கொள்ள வேண்டும். கோவிலில்கூட இவ்வளவு கெடுபிடி இல்லை.

கூடத்தின் உரிமையாளர் ஃபெய் மேடம் எங்களைக் கண்டதும் சிரித்தார். விலைப்பட்டியல் மாதிரி, எல்லாருக்கும் ஒரே சிரிப்பு. "மன்னிப்பு கேக்க வந்தவங்க கூட வந்தவங்களா? நல்லது. குடை கொண்டு வரலையே?"

"வெயில்," என்றாள் பாங் சூச்சின். தோளில் நீளமான துணிப்பை. அதில் அவளுடைய பஞ்சுக்கோல். பாதுகாவலர் அதைத் தொட்டுப் பார்த்து, துடைப்பம் என்று நினைத்து, என் கையிலிருந்த எலுமிச்சை உப்புத் தண்ணீர் வாளியோடு சேர்த்து விட்டுவிட்டார்.

லுவோ யுன் மேடையோரம் மண்டியிட்டு, சுருளின் ஓரத்தை விரலால் தடவினார். என்னையும் தடவச் சொன்னார். சொரசொரவென்று இருந்தது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். எனக்கே தெரியும், எழுதும் தாளுக்கு வழவழ பக்கம் ஒன்று, சொரசொர பக்கம் ஒன்று. தூரிகையைத் தொடும் முதல் நாளே அதைத்தான் சொல்லித்தருவார்கள். வழவழ பக்கத்தில் எழுது. இங்கே வழவழ பக்கம் அடியில் இருந்தது.

தோங் ஷாவ்சீ கொண்டையோடு மிதந்து வந்தார்.

"ஆசானே," என்றார் லுவோ யுன், பணிவாக. "தாளைப் பின்பக்கமா வெச்சு எழுதியிருக்கீங்களே?"

கண நேரம் அவர் இமை துடித்தது. "மரபோட வழவழப்பை மறுத்தேன்."

"எந்த மை?"

"பைன் மரப் புகைக்கரி. நூறு வருஷம் பழசு."

"என்ன எழுதியிருக்கு?"

அவர் என்னைப் பார்த்து இரக்கத்தோடு சிரித்தார். கேட்டது நான் இல்லை. இருந்தாலும் முட்டாள் யார் என்று முடிவு செய்துவிட்டார் போலும். "அர்த்தத்தைத் தேடுறவங்க வாசல்லயே நின்னுடுறாங்க. இது மொழிக்கு முந்தின மொழிம்மா."

"தேங்க்ஸ்," என்றார் லுவோ யுன். நகர்ந்து போய்ப் பாங் சூச்சினின் காதில் ஏதோ சொன்னார்.

ஐந்து மணி. நாற்பது கேமரா. முன்வரிசையில், மன்னிப்பைச் சாட்சியாகக் கேட்க, ஆய்வாளர் மெங். ஃபெய் மேடம் மைக்கைப் பாங் சூச்சினிடம் நீட்டினார். அவள் மைக்கை வாங்கிப் பார்த்தாள். தேவையில்லை என்று திருப்பிக் கொடுத்தாள். காகித உறையை மாட்டிக்கொண்டு மேடையில் ஏறி, முதல் தாளுக்கு முன்னால் நின்றாள்.

"செங்கல்சூளை!"

துருப்பிடித்த கூரை அதிர்ந்தது.

"செங்கல்சூளை வந்தாச்சு! இறங்குறவங்க முன்னாடி வா!"

இரண்டாவது தாளுக்கு நகர்ந்தாள். "குதிரைப் பாலம்! கையை வெளிய நீட்டாதே!" மூன்றாவது. "பஞ்சாலை விடுதி! டிக்கெட் எடுக்காதவங்க எடுத்துடு!" ஒவ்வொரு தாளையும் விரலால் தொட்டுத் தொட்டு, எழுத்து எழுத்தாகக் காட்டிக்கொண்டே போனாள். கூட்டெழுத்து மெல்ல மெல்ல அவிழ்ந்தது. ஒருமுறை காட்டிய பிறகு எனக்குக்கூடப் பாலம் பாலமாகத் தெரிந்தது.

"இவங்களுக்குப் புத்தி சரியில்லை," என்றார் ஃபெய் மேடம் கேமராக்களைப் பார்த்து. "வாய்க்கு வந்ததைச் சொல்றாங்க."

"அடுத்தது கோழிச்சந்தை," என்றது ஒரு குரல்.

எல்லாரும் திரும்பினார்கள். ஆய்வாளர் மெங். முகம் சிவந்து போயிருந்தது.

பாங் சூச்சின் நான்காவது தாளைத் தொட்டாள். "கோழிச்சந்தை! உயிரோட இருக்கிற கோழிக்கும் டிக்கெட் உண்டு!"

"அங்கதான் எங்க பள்ளிக்கூடம்," என்றார் மெங் யாரிடமும் இல்லாமல். "தெற்குப் பாதை டிராலி. ஆறு வருஷம் போயிருக்கேன்." பிறகு நினைவு வந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார். ஆனாலும் ஒவ்வொரு நிறுத்தத்தையும் அவள் தொடுவதற்கு முன்பே அவர் உதடு அசைந்தது. பத்தொன்பதில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

பதினான்கு பக்கம் எழுதிய விமர்சகர் மூன்றாம் வரிசையில் கையேட்டை முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டார்.

"மொத்தம் இருபது நிறுத்தமாச்சே," என்றார் மெங். "கடைசி எங்க?"

"ஒரு நாளைக்கு ஒரு நிறுத்தம் எழுதினேன். இருபதாவது நாள் சளி பிடிச்சிருச்சு. போகலை."

"அதான் ஆசானோட மூச்சும் பத்தொன்பதோட நின்னுடுச்சு," என்றேன்.

லுவோ யுன் எழுந்தார். இரண்டே நிமிஷம் பேசினார். தொண்டர் வேஷம், வாளியில் தேநீர், எள்ளு ரொட்டி வரிசை. அவள் அந்தப் பக்கம் போனதும், அன்னபேதி என்கிற இரும்பு உப்பின் கரைசலைத் தடவிக் காயவைத்த தாளை ஈரக் கல்மேல் குப்புறப் போடுவது. தேநீர் ஊறிய இடமெல்லாம் கறுப்பது. குப்புறப் போட்டால் எழுத்து கண்ணாடியில் தெரிவது போல் இடவலம் மாறி விழும். ஆகவே தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை முன்பக்கமாக ஒட்டுவது. "வழவழப்பை அவர் மறுக்கலை. அவருக்கு வேற வழியில்லை." பிறகு என் வாளியில் பஞ்சைத் தோய்த்து, செங்கல்சூளை என்ற எழுத்தின் வால் நுனியில் ஒரு சொட்டு வைத்தார். "புகைக்கரி மை எதுக்கும் அழியாது. தேநீர் மை எலுமிச்சை உப்புக்கு நிக்காது."

கறுப்பு நுனி வெளுத்து, இருந்த இடம் தெரியாமல் போனது.

தோங் ஷாவ்சீ தலைகுனிந்து நின்றார். முடிந்தது கதை என்று நான் வாளியைக் கீழே வைத்தேன்.

அவர் கைதட்ட ஆரம்பித்தார்.

"அருமை!" நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர் வேறு. "இந்த நிமிஷத்துக்காகத்தான் நான் காத்திருந்தேன்! ஆமா, ஒவ்வொரு கோடும் இந்த அம்மாவோடதுதான்! என் கை இதுல படவே இல்லை! கலைஞன் செத்தாதானே மக்கள் பேச முடியும்? காஞ்சு போற தண்ணியைக் காலத்துல நிறுத்தினேன். நீங்க இதைக் கண்டுபிடிக்கிறதுதான் படைப்போட கடைசிப் பகுதி!"

ஒருவர் கைதட்டினார். பத்துப் பேர் தட்டினார்கள். அப்புறம் நாற்பது கேமராவும் அவரை நோக்கித் திரும்பின. விமர்சகர் கையேட்டை இறக்கி, பேனாவை எடுத்துவிட்டார். ஃபெய் மேடம் சுவரில் இருந்த விலைச்சீட்டை உரித்து எடுத்ததை நான் மட்டும் பார்த்தேன். குறைப்பதற்காக உரித்த மாதிரித் தெரியவில்லை.

"லுவோ அக்கா," என்றேன், "நாம அவரைப் பிடிச்சோமா, பதவி உயர்வு கொடுத்தோமா?"

லுவோ யுன் கையிலிருந்த பஞ்சைக் கசக்கினார்.

"அப்போ," பாங் சூச்சின் மேடையிலிருந்தே கேட்டாள், "என் பேரை எங்க போடுவீங்க?"

"பேரா?" தோங் ஷாவ்சீ அவள் தோளில் கை வைத்தார். கேமராவுக்கு முகம் தெரியும்படி. "பேரில்லாத மக்கள். அதுதானேம்மா இதோட அழகே! பேர் போட்டா நீங்களும் என்னை மாதிரி சாதாரண ஆளாயிடுவீங்க."

பாங் சூச்சின் தோளிலிருந்த கையைப் பார்த்தாள். அதை எடுத்து அவரிடமே கொடுத்தாள். துணிப்பையைத் திறந்து பஞ்சுக்கோலை எடுத்தாள். மேடையோரம் இருந்த என் வாளியில் அதை முக்கினாள். நன்றாக ஊறட்டும் என்று காத்தாள்.

பிறகு பத்தொன்பதாம் தாளுக்குப் போய் நின்று, பின்னோக்கி நடக்கத் தொடங்கினாள்.

இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று கூட்டம் நினைத்தது. தட்டினார்கள். அவள் கோல் பட்ட இடத்தில் எல்லாம் கறுப்பு கலங்கி, வெளுத்து, வெள்ளையாக ஒரு கோடு பிறந்தது. இந்தத் தடவை கூட்டெழுத்து இல்லை. பேருந்து நிறுத்தப் பலகையில் இருப்பது மாதிரி, கட்டம் கட்டமான பெரிய எழுத்து. சுருளின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, முன்னோரின் மூச்சுக்கு மேலேயே. முதல் வகுப்புக் குழந்தையும் படிக்கலாம்.

*கடைசி நிறுத்தம். எல்லாரும் இறங்கு.*

ஃபெய் மேடத்தின் அலறல்தான் முதலில் வந்தது. "பிடிங்க அவளை!"

"ஆய்வாளர்!" தோங் ஷாவ்சீயின் கொண்டை அவிழ்ந்திருந்தது. "என் படைப்பை அழிக்கிறா, பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே!"

மெங் குறிப்பேட்டைத் திறந்தார். "அதைத்தான் எழுதப் பாக்குறேன் சார். எழுத முடியலை. ஒவ்வொரு கோடும் இந்த அம்மாவோடது, என் கை படவே இல்லைன்னு இப்பத்தானே நாப்பது கேமரா முன்னாடி சொன்னீங்க. தான் எழுதினதைத் தானே திருத்துறதுக்கு நான் என்ன பிரிவு போடுறது?"

"தாள் என்னுது!"

"சரி. தாள் நனைஞ்சதுக்கு ஒரு புகார். எழுதிக்கிறேன்." எழுதினார். "குடை விஷயமும் பாக்கி இருக்கு. அதை நடத்தணும்னா சொல்லுங்க. ஆனா எதுக்காகக் குத்துனாங்கன்னு நான் கேக்கணும். அப்போ வாளி, தேத்தண்ணி, வலது கைப்பட்டை எல்லாம் ஒண்ணு விடாம எழுதணும். வேஷம் போட்டுப் பூங்காவுல சுத்தினதுக்குத் தனிப் பக்கம்."

தோங் ஷாவ்சீ கேமராக்களைப் பார்த்தார். கேமராக்கள் அவரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"குடையா?" என்றார். "எந்தக் குடை?"

மெங் ஒரு வரியை அடித்தார்.

பாங் சூச்சின் பஞ்சை வாளியில் பிழிந்தாள். கோலைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள். படியில் உட்கார்ந்து காகித உறைகளைக் கழற்றி, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக் குப்பையில் போட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டாள். ஒரு நிருபர் ஓடி வந்து அவள் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டினார்.

"அம்மா! உங்க பேரென்ன? இந்தப் படைப்பு மூலமா என்ன சொல்ல வர்றீங்க?"

நெரிசல் பேருந்தில் குறுக்கே நீளும் கையை ஒதுக்குவது போல் மைக்கை இரண்டு விரலால் ஒதுக்கினாள். வழி பிறந்தது. நடந்தாள். கூட்டம் இரண்டு பக்கமும் விலகி நிற்க, பெரிய இரும்புக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.